இங்கிலீஷில் பார்த்த வீடு

எங்கள் கம்பெனியில் காருக்குள் போகிற வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, டேப் சுற்றி அனுப்புவோம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலைக்குச் சேர்ந்து பதினேழு வருஷம் ஆகிறது. அதில் கடைசிப் பதினொரு வருஷமாக எனக்கு செக்கிங். கட்டி முடித்த வயரைப் பலகையில் மாட்டிப் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எரிந்தால் ஸ்டிக்கர், எரியாவிட்டால் சிவப்புத் தொட்டி. இந்த வேலைக்கு இங்கிலீஷ் எதற்கு என்று ஆபீஸ் மேனேஜரிடம் பத்துப் பேர் எதிரில் கேட்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் ஆரம்பிக்க இருந்த இங்கிலீஷ் வகுப்புக்கு முதல் பெயராக என் பெயரைத்தான் எழுதிக்கொண்டார்.

விஷயம் இதுதான். எங்கள் வயரை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து லைனைச் சுற்றிப் பார்ப்பார்கள். பார்த்துக்கொண்டே நின்று பேச்சுக் கொடுப்பார்கள். கல்யாணம் ஆகிவிட்டதா, எத்தனை பிள்ளைகள், எங்கே வீடு, சொந்த வீடா என்று கேட்பார்கள். நாங்கள் சிரிப்போம், வேறென்ன செய்வது? போன தடவை வந்தவர்களில் ஒருவர், இந்தப் பெண்கள் ஏன் வாயே திறக்கமாட்டேன் என்கிறார்கள், ஏதாவது பயமா என்று கேட்டுவிட்டாராம். அன்றையிலிருந்து மேனேஜருக்குத் தூக்கம் போயிற்று.

வாரத்தில் மூன்று நாள், முதல் ஷிப்ட் முடிந்ததும் கேன்டீனில் அரை மணி நேரம் வகுப்பு. கம்பெனி பஸ் அதுவரை வெளியே நிற்கும். சென்னையிலிருந்து மின்சார ரயிலில் ஒரு டீச்சர் வருவாள். என் மகளைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட அட்டைகளை எடுத்து வைப்பாள். நீல அட்டை கல்யாணம், மஞ்சள் அட்டை வீடு வாங்குவது. இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து அட்டையில் இருக்கிறபடி பேச வேண்டும். நீங்கள் வாழ்க்கையில் அதிகமாகப் பேசுவது இந்த இரண்டைப் பற்றித்தான், இதைப் பேச வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று முதல் நாளே சொன்னாள். அவள் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் பிடித்தது.

பஸ் ஸ்டாப் வாரியாக எங்களை ஜோடி சேர்த்தார்கள். ஒரே ஸ்டாப்பில் ஏறி இறங்குகிறவர்கள் பஸ்ஸிலும் பேசிப் பழகலாம் என்று மேனேஜரின் யோசனை. எங்கள் ஸ்டாப்பில் இரண்டே பேர்தான். நானும், பேக்கிங்கில் இருக்கிற அவளும்.

அவள் என்று இங்கே எழுதுகிறேன். நேரில் அக்கா. என்னைவிட இரண்டு வயது சின்னவள், இருந்தாலும் அக்கா. அவள் ஊர்க்காரி, மாமனாருக்கு நெல் நிலம் உண்டு. நான் ஏரிக்கரைக்குப் பின்னால் இருக்கிற காலனி. அவர்கள் நிலத்தில்தான் என் அம்மா நாற்று நட்டாள். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று தமிழ் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விளக்கவும் எனக்குப் பொறுமை இல்லை.

கம்பெனிக்குள் ஒரு குறையும் சொல்ல முடியாது. பஸ்ஸில் பதினொரு வருஷமாக ஒரே சீட். கேன்டீனில் என் டப்பாவைத் திறந்து பார்த்து, கருவாட்டுக் குழம்பு இருந்தால் அவளே எடுத்துப் போட்டுக்கொள்வாள். என் மகள் பத்தாவதில் பாஸ் ஆனபோது முதலில் அழுதது அவள்தான். ஆனால் ஸ்டாப்பில் இறங்கியதும் அவள் ரோட்டு மேல் இருக்கிற வீட்டின் கேட்டைத் திறந்து உள்ளே போவாள், நான் ஏரிக்கரைப் பக்கம் நடப்பேன். அந்தக் கேட்டுக்குள் அவள் என்னைக் கூப்பிட்டதில்லை. கூப்பிடுவாள் என்று நானும் காத்திருந்ததில்லை. போன வருஷம் அவர்கள் ஊருக்குள்ளேயே மாடி வைத்து வேறு வீடு கட்டிக்கொண்டு போனார்கள். ரோட்டு வீடு பூட்டிக் கிடந்தது.

நீல அட்டையை எப்படியோ தாண்டினோம். மஞ்சள் அட்டையில் ஒருவர் வீடு விற்கிறவர், ஒருவர் வாங்குகிறவர். வாங்குகிறவர் "குட் மார்னிங், இஸ் திஸ் ஹவுஸ் ஃபார் சேல்?" என்பார். விற்கிறவர் "எஸ், ப்ளீஸ் கம் இன், ப்ளீஸ் சிட் டவுன்" என்பார். பிறகு எத்தனை ரூம், தண்ணீர் எப்படி, ஏன் விற்கிறீர்கள், எப்போது குடி வரலாம் என்று வரிசையாகப் போகும். கடைசியில் வாங்குகிறவர் "இட்ஸ் எ நைஸ் ஹவுஸ்" என்று முடிக்க வேண்டும்.

அட்டையில் இருக்கிற வீட்டைச் சொல்லாதீர்கள், உங்கள் சொந்த வீட்டைச் சொல்லுங்கள், அப்போதுதான் மனதில் நிற்கும் என்றாள் டீச்சர். வாரா வாரம் விற்கிறவரும் வாங்குகிறவரும் மாறி உட்கார வேண்டும் என்றும் சொன்னாள். நான் எழுந்து, "என்கிட்ட விக்கறதுக்கு ஊடு இல்ல மேடம். நான் வாங்கறவளாவே இருந்துக்கறேன்" என்றேன். கேன்டீனே சிரித்தது. டீச்சர் ஒரு தடவை முறைத்துவிட்டு விட்டுவிட்டாள்.

வீடு இல்லாமல் இல்லை. அரசாங்கம் கட்டிக் கொடுத்த இரண்டு அறை. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பினால் வீட்டுக்குள் தண்ணீர் வரும். அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு நாங்கள் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுப்போம். தண்ணீர் வடிந்ததும் சுவரில் முழங்காலுக்கு மேலே ஒரு கோடு நிற்கும். ஒவ்வொரு வருஷமும் என் வீட்டுக்காரர் அதன் மேல் பெயிண்ட் அடிப்பார். இரண்டு மாதத்தில் அது மறுபடியும் வெளியே வந்துவிடும். இதை எந்த பாஷையிலும் சொல்லிக் காட்ட எனக்கு இஷ்டமில்லை.

அதனால் அவள்தான் வாரா வாரம் விற்றாள், நான்தான் வாங்கினேன். அவள் அந்தப் பூட்டின ரோட்டு வீட்டைச் சொன்னாள். முதல் வாரம் ஹாலும் இரண்டு ரூமும் மட்டும். அடுத்த வாரம் சிவப்புத் தரை, கறுப்புக் கல் போட்ட சமையல் மேடை. டீச்சர் வார்த்தை கொடுக்கக் கொடுக்க வீடு வளர்ந்துகொண்டே போயிற்று. இரண்டாவது ரூம் ஜன்னலில் கொய்யா மரம் தெரியும். போர் தண்ணீர் இனிக்கும். வாசலுக்கு நாலு படி ஏறிப் போக வேண்டும். "நோ வாட்டர் கம்ஸ் இன்சைட்" என்றாள் ஒரு நாள். ஏன் விற்கிறீர்கள் என்று அட்டையைப் பார்த்துக் கேட்டேன். புது வீடு கட்டிவிட்டோம், இது சும்மா கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து பெருக்கி விளக்கு வைக்கிறேன் என்று திக்கித் திக்கி இங்கிலீஷில் சொன்னாள். அது அட்டையில் இல்லாத பதில். டீச்சர் கை தட்டினாள்.

ஆடியும் ஆவணியும் இப்படியே போயின. பதினொரு வருஷம் வெளியில் நின்று பார்த்த வீட்டை உள்ளே சுற்றிப் பார்த்தது அந்த இரண்டு மாதத்தில்தான், அதுவும் இங்கிலீஷில். கண்ணை மூடினால் எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று என்னால் சொல்ல முடியும்.

என் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை ஆரணிப் பக்கம், நல்ல பையன். பெண் பார்க்க வைகாசியில், நல்ல வெயிலில் வந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தி சுவரைப் பார்த்து, "இது இன்னா கோடு?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர், "பெயிண்ட்காரன் ரெண்டு கோட்டிங்கா அடிச்சான், ஒட்டு தெரியுது" என்றார். என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். கோடு இருப்பதைவிட அந்தப் பொய்தான் எனக்கு அவமானமாக இருந்தது. இவள் இந்த வீட்டிலிருந்து கல்யாணப் பெண்ணாகக் கிளம்பக் கூடாது, கோடு இல்லாத ஒரு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எங்கள் இரண்டு பேர் சம்பளச் சீட்டையும் காட்டினால் வீட்டுக் கடன் தருவதற்கு ஆள் இருந்தது. அதனால் பணத்தைப் பற்றி இங்கே நான் எழுதப் போவதில்லை, தடங்கல் அது இல்லை.

ஒரு நாள் பஸ்ஸில் தமிழில் கேட்டேன். "அக்கா, அந்த ரோட்டு ஊட்டை நெசமாவே விக்கறீங்களா?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "ஆமா, அப்படித்தான் பேசிகினு இருக்காங்க. ஏன்?"

"எங்களுக்குக் குடுத்தா நாங்க வாங்கிக்குவோம்."

ஆரம்பாக்கத்துக்குப் போகிற லாரி ஒன்று எங்களை முந்திப் போவதைப் பார்த்தாள். பிறகு, "ஊட்டுல கேட்டு சொல்றேம்மா" என்றாள்.

அதற்கப்புறம் நான் எப்போது கேட்டாலும் அதே பதில். மாமியாருக்கு உடம்பு சரியில்லை, கேட்டு சொல்றேன். அவர் நெல் வேலையா இருக்கார், கேட்டு சொல்றேன். என் வீட்டுக்காரர் ஸ்டீல் மில்லில் வேலை செய்கிறவர், எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. நேராகப் போய் வீட்டு புரோக்கரைப் பிடித்துக் கேட்டிருக்கிறார். "அது வேணாம்பா, வாஸ்து சரியில்ல, உங்களுக்கு ஆவாது" என்றானாம். அதே புரோக்கர் அதே வாரம் டீக்கடையில், ரோட்டு மேல ராசியான ஊடு வந்திருக்குது என்று இன்னொருவரிடம் சொன்னதை இவரே காதால் கேட்டிருக்கிறார். "வாஸ்து நமக்கு மட்டும்தான் சரியில்லையாம், வுடு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

விடாமல் நான் வகுப்புக்குப் போனேன். பஸ்ஸில் அவள் வாய் திறக்கமாட்டாள். கேன்டீனில் அட்டையைக் கையில் வாங்கியதும், ப்ளீஸ் கம் இன் என்பாள், முகம் மலர்ந்துதான் சொல்வாள். எனக்கு எரியும். ஆனாலும் உள்ளே போய் உட்கார்ந்து, எத்தனை ரூம் என்று கேட்பேன். யூ என்று நான் அவளைச் சொன்னால் அவளும் என்னை யூ என்பாள், அது ஒன்றுதான் லாபம்.

புரட்டாசி கடைசியில் வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். கேன்டீனில் பூ வைத்து, மேஜைக்கு வெள்ளைத் துணி போட்டு, யாராவது ஒரு ஜோடி அவர்கள் எதிரில் பேசிக் காட்ட வேண்டும் என்றார் மேனேஜர். தடங்கல் இல்லாமல் பேசுவது நாங்கள்தான் என்று டீச்சர் எங்களை நிறுத்தினாள். மடமடவென்று பேசினோம். நாலு படி, சிவப்புத் தரை, கொய்யா மரம் எல்லாம் வந்தன. வந்தவர்களில் நரைத்த தலைக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே அவளைப் பார்த்து, இது நிஜமான வீடா என்று கேட்டார். "எஸ் சார். ரியல் ஹவுஸ்" என்றாள். அவர் என் பக்கம் திரும்பி, நீங்கள் நிஜமாகவே வாங்கப் போகிறீர்களா என்று கேட்டார்.

"எஸ் சார். இஃப் ஷி கிவ்ஸ்" என்றேன். அவள் கொடுத்தால் வாங்குவேன் என்று சொன்னதாக அர்த்தம். இலக்கணம் சரியோ தப்போ, எல்லோருக்கும் புரிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நான் அவளையே பார்த்து, அட்டையில் கடைசியாக இருக்கிற கேள்வியைக் கேட்டேன். எப்போது குடி வரலாம்?

"எனி டைம்" என்றாள். எப்போது வேண்டுமானாலும் வரலாம். அட்டையில் இருக்கிற பதில்தான். ஆனால் சொல்லும்போது அவள் என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள், கண் கொஞ்சம் கலங்கியும் இருந்தது. நான் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டேன்.

பதினேழு வருஷம் செக்கிங்கிலும் லைனிலும் இருந்தவள், எரியாத விளக்கை எரிகிறது என்று ஒரு நாளும் எழுதியதில்லை. அன்றைக்கு எழுதிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பூ வைத்து எடுத்துக்கொண்டேன். வீடு கேட்கப் போகும்போது வெறும் கையோடு போகக் கூடாது என்று எனக்குப் பட்டது. புரோக்கர் இல்லாமல், சொல்லி அனுப்பாமல், காலனியிலிருந்து யாரும் ஊரில் அப்படி வீடு கேட்டுப் போனதில்லை. என் வீட்டுக்காரர், "அட்டையில சொன்னதை நம்பிகினு போறியா? பேஜாரா பூடும்" என்றார். "அட்டை இல்ல, அவங்க வாயால சொன்னாங்க" என்றேன். அவர் வரவில்லை. மகள் வந்தாள்.

வீடு திறந்திருந்தது. அவள் வாசலைப் பெருக்கிக்கொண்டு இருந்தாள். எங்களைப் பார்த்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படி இறங்கி வந்து, கேட்டின் தாழ்ப்பாள் மேல் கையை வைத்தாள். எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. பழகின வாய்.

"குட் மார்னிங்" என்றேன். "இஸ் திஸ் ஹவுஸ் ஃபார் சேல்?"

"எஸ்" என்றாள். அவளுக்கும் அதே வாய்தானே. "ப்ளீஸ் கம் இன்."

சொன்னாளே தவிர, தாழ்ப்பாள் மேல் இருந்த கை எழவில்லை. அவள் அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் தோளுக்குப் பின்னால் வாசற்கதவு வழியாகக் கொஞ்சம் சிவப்புத் தரை தெரிந்தது, வெயில் பட்டுப் பளபளவென்று இருந்தது. அன்றைக்கு அவளோடு வந்திருந்த மாமியார் உள்ளேயிருந்து, "யாரும்மா அது?" என்று கேட்டார்.

"கம்பெனியில இருந்து வந்திருக்காங்கம்மா" என்று திரும்பாமலே சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, மாமியாருக்குப் புரியாத பாஷையில், நான் கேட்டேன், அவர்கள் முடியாது என்கிறார்கள், சாரி என்றாள். டீச்சர் சொல்லிக் கொடுத்த இங்கிலீஷில் அவள் நிஜமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு அவள் மேல் வந்த கோபத்தில் தாம்பாளத்தை அங்கேயே கவிழ்த்திருப்பேன். என் மகள் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "வாம்மா, போலாம்" என்றாள்.

ஏரிக்கரை மேல் வரும்போது மகள் ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கையில் கொடுத்தாள். "உனக்கு இந்த ஊடு இன்னாத்துக்கும்மா? நான் நம்ம ஊட்டுல இருந்தே போறேன்" என்றாள். அவளுக்காகத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். யோசித்துப் பார்த்தால் அது முழுசாக நிஜமில்லை என்று பட்டது. எனக்கும் அந்த வீடு வேண்டும் என்று இருந்தது. அந்த நாலு படி ஏற வேண்டும் என்று இருந்தது.

கார்த்திகையில் வழக்கம்போல் ஏரி நிரம்பியது, நாங்கள் மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அந்த நாளில்தான் ரோட்டு வீடு கைமாறியது என்று கேள்விப்பட்டோம். பள்ளிப்பட்டுப் பக்கத்து வியாபாரி ஒருவர் வாங்கினார். குடியிருக்க இல்லை, மூட்டை அடுக்க. சிவப்புத் தரையில் இப்போது தவிட்டு மூட்டைதான் உட்கார்ந்திருக்கிறது. அந்த மூட்டைகளை யாரும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை.

பஸ்ஸில் நான் சீட் மாறி உட்கார்ந்தேன். டிரைவர்கூட இன்னா ஆச்சு என்று கேட்டார். வகுப்பும் முடிந்துவிட்டது, டீச்சர் எல்லோருக்கும் ஒரு காகிதம் கொடுத்துவிட்டுப் போனாள். என் காகிதத்தில் நன்று என்று போட்டிருக்கிறது.

தண்ணீர் வடிந்ததும் என் வீட்டுக்காரர் பெயிண்ட் டப்பாவோடு வந்தார். வேண்டாம் என்றேன். "கல்யாண ஊடு, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வருவாங்க" என்றார். "வரட்டும். கேட்டா தண்ணி கோடுன்னு சொல்லுங்க. அவங்களும் மழையில நனையறவங்கதானே" என்றேன். வீடு முழுக்க அடித்தார், அந்தச் சுவரை மட்டும் விட்டுவிட்டார்.

மார்கழிக் கடைசியில் கம்பெனியில் எல்லோருக்கும் பத்திரிகை கொடுத்தேன். அவளுக்குப் பஸ்ஸில், சீட்டுக்கு மேலே கையை நீட்டிக் கொடுத்தேன். வாங்கி முழுக்கப் படித்தாள். "இன்னாமா, பஸ்ல குடுக்கறே? ஊட்டுக்கு வந்து வெச்சிக் கூப்புட மாட்டியா?" என்றாள். வழக்கம் அதுதான், பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்து வீட்டுக்குப் போய்த்தான் கூப்பிட வேண்டும். அவள் பழைய பழக்கத்தில் கேட்டாளா, தெரிந்தே கேட்டாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"எந்த ஊட்டுக்குக்கா?" என்றேன்.

பத்திரிகையை உறைக்குள் போட்டாள், எடுத்தாள், மறுபடியும் போட்டாள். எங்கள் ஸ்டாப் வரும் வரைக்கும் தலை நிமிரவில்லை. நான் சொன்னது அதிகம் என்று பின்னால் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

மறுநாள் ஆரணியில் கல்யாணம் என்றால், முதல் நாள் சாயங்காலம் வேன் வைத்துப் பெண்ணை அழைத்துப் போவார்கள். அன்றைக்கு நாலு மணி இருக்கும். வீட்டு எதிரில் போட்டிருந்த பந்தலில் ஆட்கள் நாற்காலி ஏற்றிக்கொண்டு இருந்தார்கள். யாரோ, "ஊர்ல இருந்து வராங்க" என்றார்கள். ஏரிக்கரை மேல் அவள் வந்துகொண்டு இருந்தாள். தனியாக, பட்டுப்புடவை கட்டி, கையில் ஒரு பையோடு. காலனியே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. அவள் பதினொரு வருஷமாக அந்த ஸ்டாப்பில் என்னோடு இறங்கியவள், இந்தப் பக்கம் ஒரு நாளும் நடந்ததில்லை.

நான் வாசலில் நின்றேன். வந்து எனக்கு எதிரில் நின்றாள். முகம் வேர்த்திருந்தது. பையைக் கை மாற்றிப் பிடித்தாள்.

"குட் மார்னிங்" என்றாள், சாயங்காலம் நாலு மணிக்கு. "இஸ் திஸ் ஹவுஸ் ஃபார் சேல்?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வேறு எப்படி ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். எனக்கு மட்டும் தெரிந்திருந்ததா, அன்றைக்கு அந்தக் கேட்டில்?

"நோ" என்றேன். "நாட் ஃபார் சேல்." அட்டையில் அப்படி ஒரு பதில் கிடையாது. அவள் தலையை ஆட்டினாள். என் வீட்டுக் கதவைக் கல்யாணத்துக்காகக் கழற்றி வைத்திருந்தோம், ஆள் போக வர இடம் வேண்டும் என்று. பிடித்துக்கொண்டு நிற்க அங்கே ஒன்றும் இல்லை.

"ப்ளீஸ் கம் இன்" என்றேன்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். எத்தனை ரூம் என்று கேட்டாள், அட்டையின் வரிசையை விடாமல். அப்போது நான் முதல் தடவையாக விற்கிறவளின் பேச்சைப் பேசினேன். இரண்டு ரூம். ஒரு சமையலறை. பின்னால் பாத்ரூம். "எவரி இயர் வாட்டர் கம்ஸ் இன்சைட்" என்று சொல்லி, சுவரில் கோட்டின் மேல் கையை வைத்துக் காட்டினேன்.

அவளை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். அந்த வீட்டை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. இட்ஸ் எ நைஸ் ஹவுஸ் என்பதுதான் அட்டையில் அவள் சொல்ல வேண்டிய அடுத்த வரி. அதைச் சொல்லியிருந்தால், பட்டுப்புடவையோடு அப்படியே வெளியே அனுப்பியிருப்பேன். அவள் சொல்லவில்லை. என் மகள் பாயை விரித்து, "உக்காருங்க" என்றாள். அவள் அந்தச் சுவரோரமாகப் போய், முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். கோடு அவள் கழுத்து மட்டத்தில் இருந்தது.